ஆறாவது குரல்

அத்தியாயம் 17

ஆறு தடவை அழுத்தினால் ஒரு தடவை வழுக்கியது.

டான்சோ உட்காரக்கூட இல்லை. நின்றபடியே ஒற்றை விரலால் கீபோர்டின் ஒரே கட்டையைத் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தும் ஆணி அடித்த மாதிரி நின்றன. ஆறாவது மட்டும் எழும்பிய இடத்தில் நிற்காமல், மழை நாளில் சேற்று மேட்டில் கால் வைத்தவனைப் போலக் கீழே சறுக்கிக்கொண்டே போனது.

மறுபடி தட்டினார். மறுபடியும் ஆறாவது.

"இது என்ன அஜேவா? செவ்வாய்க்கிழமையே சரியாயிடுச்சுன்னு ஃபோன்ல சொன்ன. நாளைக்குக் காலையில மாம்போங்ல சாவு வீடு. எண்ணூறு பேர் கறுப்புத் துணி கட்டிட்டு வந்து உக்காருவாங்க. அழ வந்தவங்க சிரிச்சிட்டுப் போகணுமா?"

அஜேவாவுக்குக் காது கூசியது. ஜப்பானில் எண்பத்திரண்டாம் வருஷம் செய்த சிந்தசைசர் அது. உள்ளே ஆறு குரல் அட்டைகள். கட்டையை அழுத்த அழுத்த, முறை வைத்துக்கொண்டு ஒவ்வோர் அட்டையாகப் பாடும். ஓர் அட்டை கெட்டால் ஆறில் ஒரு ஸ்வரம் கெடும். நான்கு விரலால் வாசிக்கிறபோது கெட்டது எந்த விரலில் வந்து விழும் என்று வாசிக்கிறவனுக்கே தெரியாது. பாம்பு இருக்கிற வீட்டில் படுத்த மாதிரி.

"மூடியைத் திற," என்றாள்.

சிரிபோ நான்கு திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினான். தூக்கியவன் ஒரு கணம் அப்படியே நின்றான். பிறகு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அமான்குவா மாமா பல் குச்சியை மென்றுகொண்டு தரையைப் பார்த்திருந்தார்.

பந்தாமா சாலையில் இந்த இரும்புக் கன்டெய்னர் ரிப்பேர் கடை முப்பத்தொரு வருஷமாக நிற்கிறது. அமான்குவா மாமாவின் கடை. மாமன் சொத்து மருமக்களுக்கு என்பதால், அவருக்குப் பிறகு அது அக்கா பிள்ளைகளான அஜேவாவுக்கோ அவள் தம்பி ஒப்போங்குக்கோதான். பெற்ற மகன் சிரிபோவுக்கு அதில் பங்கில்லை. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து வேலை செய்கிற கை அவனுடையது. மாமாவின் கண்ணில் புரை முற்றியதும், குடும்பத் தலைவர் நேரில் வந்து, 'இனி ஒரு பெட்டியையும் திறக்காதே, திறந்தால் கிராமத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்' என்று சொன்னதும், மாமா தலையாட்டியதும் சென்ற வாரம் வாசித்தவர்களுக்கு நினைவிருக்கும். நாளைச் சாயங்காலம் குடும்பம் கூடுகிறது. கடை யாருக்கு என்பது முதல் பேச்சு. சிரிபோ பெஞ்சில் இருக்கலாமா என்பது இரண்டாவது. கடை அஜேவாவுக்கு வந்தால் சிரிபோ இருப்பான். ஒப்போங்குக்குப் போனால் பெஞ்சே இருக்காது. அவன் அங்கே செல்போன் உறை விற்கப் போகிறானாம்.

டான்சோ மூடியின் உட்புறத்தைக் குனிந்து பார்த்தார். கடைசியாக மூடுகிறவர் தேதி போட்டுப் பென்சிலால் பெயர் எழுதுவது இந்தக் கடை வழக்கம். எழுதாமல் மூடினால் மாமா கையில் அடிப்பார். வரிசையாக இருபது முப்பது பெயர்கள். கடைசியில் செவ்வாய்க்கிழமை தேதி. சிரிபோ.

"அப்ப இவன்தான்," என்றார் டான்சோ.

டான்சோ சும்மா வாடிக்கையாளர் இல்லை. குடும்பத் தலைவரின் மாப்பிள்ளை. இங்கே தும்மினால் அங்கே கேட்கும்.

அஜேவாவுக்கு அந்த நேரத்தில் மூளைக்கு முன்னால் வாய் ஓடியது. மூன்று நாளாகத் தூக்கமில்லை.

"என்ன மச்சான் இது? செவ்வாய்க்கிழமை நான் கேட்டேனா இல்லையா, ஒழுங்கா துடைச்சியான்னு? கண்ணை எங்க வெச்சிட்டு வேலை பாத்த? பெயரை எழுதுற அவசரத்துல வேலையை விட்டுட்டியா?"

சிரிபோ நிமிர்ந்தான். நாற்பது வயசு. கழுத்தில் சுமை தூக்கிய தழும்பு. எப்போதும் ஏதாவது நக்கலாகத் திருப்பிச் சொல்கிறவன்.

இன்று ஸ்க்ரூ டிரைவரைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தான். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். அப்பாவின் நாற்காலியைக் கடந்து வெளியே போனான்.

"எங்க போற? ஏய், உன்னைத்தான்!"

போய்க்கொண்டே இருந்தான்.

மாமா குச்சியை வலது கடைவாயிலிருந்து இடது கடைவாய்க்கு மாற்றினார்.

"நாலு மணிக்கு வண்டியோட வருவேன்," என்றார் டான்சோ. "ஆறும் நிக்கணும். நிக்கலன்னா நாளைக்குக் கூட்டத்துல நான் எதுவும் சொல்ல வேண்டியதில்ல. மாமனார் காதுக்கு இப்பவே போயிடும்."

*

பத்து மணிக்குக் கன்டெய்னர் காய்ந்த இரும்புச் சட்டி ஆகிவிட்டது. மேஜைக்கடியில் மின்சாரத்தை ஜப்பான் அளவுக்குக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் உர்ரென்று உறுமிக்கொண்டிருந்தது. அஜேவா ஈயம் பற்றவைக்கிற சுடுகோலை எடுத்தாள்.

ஒவ்வொரு குரல் அட்டையிலும் கடுகளவு ஒரு மின்தேக்கி உண்டு. அது ஒரு துளி மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்தத் துளி அசையாமல் இருக்கிற வரைக்கும் சுருதி அசையாது. துளி கசிந்தால் சுருதி சறுக்கும். ஆறாவது அட்டையில் துளி கசிகிறது. ஏன் என்பதுதான் தெரியவில்லை.

மின்தேக்கியை மாற்றினாள். தட்டிப் பார்த்தாள். சறுக்கியது.

பக்கத்திலிருந்த சில்லைப் பிடுங்கி, ஐந்தாவது அட்டையின் சில்லைப் போட்டுப் பார்த்தாள். ஐந்து நன்றாகப் பாடியது. ஆறு சறுக்கியது.

புறங்கையில் ஈயச் சொட்டு விழுந்து பொரிந்தது. கையை உதறினாள். எழுந்து வாசலுக்குப் போனாள். திரும்பி வந்தாள். உட்கார்ந்தாள். சிரிபோவுக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது.

"அவன் வருவான்," என்றார் மாமா வாசலிலிருந்து.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பசிச்சா வருவான்."

"இது பசிச்சுப் போன போக்கா மாமா?"

மாமா இவ்வளவு பேசாமல் இருந்து அஜேவா பார்த்ததில்லை. எந்த ஸ்வரம் சறுக்கினாலும், உள்ளே வந்து, 'தள்ளு தள்ளு' என்று பின்னால் நின்று உயிரை வாங்குகிற ஆள். இன்றைக்கு நாற்காலியை வெளியே பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

பதினொன்றே காலுக்கு மின்சாரம் போனது. தெருவே ஒரே குரலில் "ஆ!" என்றது. மின்விசிறி நின்றது. டிரான்ஸ்ஃபார்மர் வாயை மூடியது.

அஜேவா நெற்றியை மேஜையில் முட்டினாள். நாலு மணிக்கு இன்னும் ஐந்து மணி நேரம்கூட இல்லை. உள்ளே இருட்டு. ஆறாவது அட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தாள். வாசலோரம் கிடந்த தகரத்தின் மேல் வைத்து, பூதக்கண்ணாடியை எடுக்க உள்ளே போனாள். எங்கே வைத்தோம் என்று தேடவே கால் மணி ஆயிற்று.

திரும்பி வந்து குனிந்தபோது அட்டை வெயிலில் சுட்டிருந்தது. மூக்கில் ஒரு வாசனை ஏறியது.

கசப்பு. இஞ்சி. ஏதோ பட்டை.

கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். மின்தேக்கியைச் சுற்றிப் பழுப்பாக ஒரு படலம். தேநீர் காய்ந்த கோப்பையின் அடி மாதிரி. விரலால் தொட்டாள். பிசுபிசுத்தது.

இந்தக் கடையில் அட்டைகளைத் துடைப்பது சாராயத்தால். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் பாதி தண்ணீர். பனங்கள்ளைக் காய்ச்சுகிறவளிடம் சொல்லிவைத்து முதல் வடி மட்டும் வாங்கி வருவார்கள். துடைத்த இடம் காய்ந்ததும் துடைத்த சுவடே இருக்காது. அதே சாராயத்தில் வேரும் பட்டையும் ஊறப்போட்டு மாமா மூட்டு வலிக்குக் காலையும் மாலையும் ஒரு மூடி குடிப்பார். இரண்டும் ஒரே மாதிரிப் பாட்டில். கண் தெரிகிறவனுக்கு ஒன்று தண்ணீர் நிறம், ஒன்று பழுப்பு. புரை விழுந்தவருக்கு உலகத்தில் எல்லாத் தண்ணீரும் பழுப்புதான்.

அஜேவா மெதுவாகத் தலையைத் திருப்பினாள். மாமா தெருவைப் பார்த்திருந்தார். தெருவில் அவருக்கு என்ன தெரியும்? நிழல்கள் தெரியும்.

பெட்டியின் மூடி இருந்த இடத்துக்குப் போனாள். திருகாணிகளைக் கையில் கொட்டிப் பார்த்தாள். நான்கில் ஒன்றின் தலை நசுங்கி, வெள்ளி தெரிந்தது. பள்ளத்தில் சரியாக உட்காராத ஸ்க்ரூ டிரைவர் செய்கிற வேலை. சிரிபோ வாழ்க்கையில் ஒரு திருகாணித் தலையை நசுக்கியதில்லை.

காலையில் பார்த்திருக்கலாம். கண்ணை எங்கே வைத்தாய் என்று அவனைத்தான் கேட்டிருந்தாள்.

*

சிரிபோ எங்கே போவான் என்று அவளுக்குத் தெரியும். பெஞ்சுக்கு வருவதற்கு முன்னால் பதினாறு வயசிலிருந்து அவன் பலகை சுமந்த இடம் சொகோபான் மரச்சந்தை. கோபம் வந்தால் மனுஷர்கள் குடிப்பார்கள். இவன் போய்ச் சுமை தூக்குவான்.

மோட்டார் பைக்கில் பின்னால் தொற்றிக்கொண்டு போய் இறங்கினாள். ரம்பங்கள் அலறின. மின்சாரம் இல்லாவிட்டாலும் டீசலில் ஓடுகிற ரம்பங்கள். மரத்தூள் புருவத்தில் ஒட்டியது. சட்டையில்லாமல், தலையில் துணிச் சும்மாட்டின் மேல் ஐந்து பலகைகளோடு அவன் லாரியில் ஏறிக்கொண்டிருந்தான்.

"மச்சான்!"

பார்த்தான். பலகைகளைப் போட்டுவிட்டுத்தான் இறங்கினான்.

கீழே நின்ற ஒரு சுமைக்காரன் பல்லைக் காட்டினான். "பொண்டாட்டியா சிரிபோ?"

"பொண்டாட்டி இல்லடா, அத்தை மக. அப்பனோட அக்கா மக. கட்டிவைக்கலாம்னு ஒரு தடவை பேசினாங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சிரிச்சோம், விட்டுட்டாங்க."

"தப்பிச்ச," என்றான் சுமைக்காரன், யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

அஜேவா சிரிபோவை மரக்குவியலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"உனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நடிக்காத. மூடியைத் தூக்கினப்பவே உனக்கு வாசனை வந்திருக்கு. என் மூக்குக்கு வெயில் தேவைப்பட்டுச்சு. உன் மூக்கு நாய் மூக்கு."

சிரிபோ சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். "திட்ட வந்தியா, மன்னிப்புக் கேக்க வந்தியா? ரெண்டுக்கும் ஒரே குரலா இருக்கு."

"ரெண்டும்தான். ஏன் வாயைத் திறக்கல?"

"திறந்து?"

"நான் இல்ல, எங்கப்பான்னு சொல்லியிருக்கலாமே."

"டான்சோ முன்னாடியா? சாயங்காலமே வண்டி வந்து அவரைக் கிராமத்துக்கு அள்ளிட்டுப் போயிருக்கும்."

"அதுக்காக நீ கெட்ட பேர் வாங்குவியா? நாளைக்கு உன்னைப் பத்திப் பேசப் போறாங்க மச்சான். உனக்கு அங்க இருக்கிறது உன் கை ஒண்ணுதான். அந்தக் கையில குறைன்னு வந்துட்டா, நான் என்ன சொல்லி உன்னை நிறுத்துறது?"

சிரிபோ ஒரு மரச்சிராயைக் கட்டைவிரலிலிருந்து பல்லால் பிடுங்கித் துப்பினான்.

"இங்க பாரு. அப்பன் கடை அக்கா பிள்ளைங்களுக்கு. அப்பன் நிலம் அக்கா பிள்ளைங்களுக்கு. சரி, வழக்கம். எனக்கும் ஒரு தாய்மாமன் இருந்தாரு. அவர் எனக்கு விட்டுட்டுப் போனது ஒரு சைக்கிளும் நாலு கடன்காரனும். அப்பாகிட்டருந்து எனக்கு வர்றது பேரு ஒண்ணுதான். அமான்குவா மகன் சிரிபோ. அதையும் நானே நடுத்தெருவுல போட்டு மிதிக்கவா?"

ரம்பம் ஒரு பெரிய தடியைக் கடித்தது.

அது ஓய்ந்ததும் அஜேவா சொன்னாள்: "அவர் எல்லாத்தையும் கேட்டுட்டே இருந்தாரு. ஒரு வார்த்தை சொல்லல."

"தெரியும்."

"வலிக்கலையா உனக்கு?"

"பலகை தூக்க வந்துருக்கேன் பாரு," என்றான் சிரிபோ.

அஜேவா புருவத்தில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிவிட்டாள்.

"மின்தேக்கியை மாத்தினேன். சில்லை மாத்தினேன். இப்ப சாராயம் போட்டு அந்தப் பிசுக்கை எடுத்துரலாம்ல?"

"எடுக்க முடியாது. சாராயத்துல ஊறி வந்த சாறு சாராயத்துல கரையும், பரவும், மறுபடியும் காயும். அட்டை முழுக்கப் பூசிருவ." முதல் தடவையாக அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "சாராயம் போட்டுட்டியா?"

"இல்ல."

"தண்ணிதான் வேணும். காய்ச்சி ஆறின தண்ணி, துணி துவைக்கிற சோப்பு, பல் தேய்க்கிற பிரஷ்."

"தண்ணியா? மின்சாரப் பெட்டியிலயா?"

"அட்டையில. பெட்டியில இல்ல. எலும்பு வரைக்கும் காய வெச்சா ஒண்ணும் ஆகாது." சட்டையை எடுத்தான். பாதி போட்டவன் நின்றான். "வர்றேன். ஆனா அவர் பேர் வெளியில வரக் கூடாது."

"நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

"அப்ப வரல."

"வராத. நீ மூணு நாள் குனிஞ்சு வேலை பாத்த அட்டையை நானே தண்ணியில முக்கி நாசம் பண்றேன், மாம்போங்ல எண்ணூறு பேர் சிரிக்கட்டும்."

சிரிபோ அவளை முறைத்தான். பிறகு பைக்குக்காரனைக் கை தட்டிக் கூப்பிட்டான்.

*

ஒன்றரை மணிக்கு அட்டையைக் கழுவினார்கள். கழுவுவது பத்து நிமிஷ வேலை. காயவைப்பதுதான் உயிர் போகிற வேலை. மின்சாரம் இல்லாமல் முடி உலர்த்துகிற கருவிகூட ஓடாது. வானத்தில் மேகம் கூடிவிட்டது.

சிரிபோ தெரு முனைக்கு ஓடி, வாழைக்காய் சுட்டு விற்கிற ஃபோஸ்டினாவிடம் பேசினான்.

"என் அடுப்புலயா? இதையா?" என்றாள் அவள். "இதுவரைக்கும் என் கரியில ஜப்பான்காரன் யாரும் வெந்ததில்ல."

"வேக வைக்க வேணாம் அக்கா. குளிர் காயவெச்சாப் போதும்."

"கடலை தரவா தொட்டுக்க?"

கம்பி வலையை இரண்டு செங்கல் உயரத்தில் தூக்கி வைத்து, கரி அனலுக்கு மேலே அட்டையைப் பிடித்தான். கையை அட்டைக்குக் கீழே வைத்துக்கொண்டான். கை தாங்குகிற சூடுதான் அட்டை தாங்குகிற சூடு. இரண்டு நிமிஷத்துக்கொரு தரம் திருப்பினான். உள்ளங்கை சிவந்தது.

அஜேவாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மின்சாரம் வந்ததா என்று பார்க்கக் கடைக்கு ஓடினாள். வரவில்லை. மாமா அதே நாற்காலியில்.

இந்தத் தடவை எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"புதன்கிழமை விடியக்காலம் நீங்கதான மாமா கடையைத் திறந்தீங்க?"

"நான்தான் தினமும் திறக்கிறேன்."

"பெட்டியையும் திறந்தீங்களா?"

குச்சி நின்றது.

"ஆறாவதுல ஒரு இரைச்சல் இருந்துச்சு," என்றார் மாமா. "ரொம்பச் சன்னமா. பல்லி மூச்சு விடுற மாதிரி. உங்க ரெண்டு பேருக்கும் கேக்கல. எனக்குக் கேட்டுச்சு. கண்ணுதான் போச்சு. காது போகல."

"சொல்லியிருந்தா நாங்க துடைச்சிருப்போமே."

"சொன்னா, 'கிழவனுக்குப் பொழுது போகல'ன்னு சிரிப்பீங்க."

"அதுக்கு? காலையில உங்க மகனை நாய் மாதிரித் திட்டினேன். கேட்டுட்டு உக்காந்திருந்தீங்க."

மாமா குச்சியை வாயிலிருந்து எடுத்தார்.

"அவன் ஒரு திட்டுத் தாங்குவான். அந்தக் கிராமத்து வீட்டுல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா? ஒரு கோழிக்கூடு, ஒரு முற்றம், ராத்திரியானா தவளை. ஒரு பெட்டி கிடையாது. ஒரு சத்தம் கிடையாது. மூணு மாசத்துல செத்துருவேன் அஜேவா. நீ சொல்லாத."

"அவனும் சொல்லாதங்கிறான்."

மாமாவின் முகத்தில் ஏதோ ஒன்று உடைந்து மறுபடி சேர்ந்தது. "அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத் தெரு ஒரே குரலில் ஆர்ப்பரித்தது. மின்சாரம் வந்துவிட்டது.

*

மூன்று மணிக்கு அட்டை உள்ளே போனது. இந்த மாதிரிப் பழைய பெட்டிகளை உடனே சுருதி சேர்க்க முடியாது. உடம்பு சூடேற அரை மணி நேரம் விட வேண்டும். அந்த அரை மணி நேரம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு, கன்டெய்னரில் மிஞ்சியிருந்த மூன்றடி இடத்தில் நடந்தார்கள்.

பிறகு சிரிபோ உட்கார்ந்தான். ஒரு கையால் கட்டையைத் தட்டினான், மறு கையால் அட்டையிலிருந்த சின்னத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினான். ஐந்தாவது. ஆறாவது. ஐந்தாவது. ஆறாவது. இரண்டுக்கும் நடுவே முதலில் ஒரு பள்ளம் இருந்தது. பள்ளம் சிறுத்தது. அலை அலையாக ஒரு நடுக்கம் மிஞ்சியது. அதுவும் மெலிந்து நின்றது.

அஜேவா மூச்சுவிடாமல் கேட்டாள். ஆறாவது எழும்பியது. நின்றது. அவள் பத்து எண்ணினாள். இருபது எண்ணினாள். நின்றது.

வாசலில் நாற்காலி கிறீச்சிட்டது. மாமா எழுந்து நின்றுகொண்டு கேட்டார்.

"மூடு," என்றாள் அஜேவா.

சிரிபோ பென்சிலை எடுத்தான். அவள் அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கித் தன் பெயரை எழுதினாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. அசதி என்று நினைத்திருப்பான்.

நான்கு மணிக்குச் சொன்னபடி டான்சோ வந்தார். தட்டினார். ஒன்று முதல் ஆறு. ஏழு முதல் பன்னிரண்டு. பிறகு உட்கார்ந்தார், தோளைத் தளர்த்தினார், சாவு வீட்டில் விடியற்காலை வாசிக்கிற மெதுவான மெட்டு ஒன்றை இரண்டு கையாலும் எடுத்தார். கன்டெய்னரின் இரும்புச் சுவர் அதிர்ந்தது. ஃபோஸ்டினா தெரு முனையிலிருந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"சரிதான்," என்றார். அவருக்கே முகம் இளகிவிட்டது. ஆட்களை அழைத்துப் பெட்டியை வண்டியில் ஏற்றச் சொன்னார். அதற்குப் பிறகு ஃபோனை எடுத்தார். "மாமனார் காலையிலயே கேட்டாரு. நான் விஷயத்தைச் சொல்லிட்டேன். உன் வாயால சொல்லு."

ஃபோனைப் பெஞ்சின் மேல் வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தத்தைக் கூட்டினார்.

"அஜேவா," என்றது குடும்பத் தலைவரின் குரல். மெதுவாகப் பேசுகிறவர். அதனாலேயே பயம். "பெட்டி சரியாயிடுச்சாமே. சந்தோஷம். ஆனா கெட்டது எப்படி? சிரிபோ கவனமில்லாம வேலை பாத்தான்னு நீயே சொன்னதா மாப்பிள்ளை சொல்றாரு. அப்படின்னா நாளைக்கு அவனைப் பத்திப் பேச ஒண்ணுமில்ல. அவன் வேற இடம் பாத்துக்கட்டும். அப்படித்தான?"

சிரிபோ கண்ணால் கெஞ்சினான். சொல்லாதே.

அஜேவா வாசலைப் பார்த்தாள். மாமா உள்ளே பார்த்துத் திரும்பி நின்றிருந்தார். இரண்டு வெள்ளைக் கண்களும் அவள் குரல் வரப்போகிற இடத்தில் இருந்தன. அவள் காத்திருந்தாள். நான்கு மூச்சு, ஐந்து மூச்சு. ஒரு வார்த்தைக்கு அது போதும். 'நான்தான்' என்பது ஒரு வார்த்தை.

"அஜேவா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் பெரிய மாமா. காலையில நான் பொய் சொன்னேன். சிரிபோ செவ்வாய்க்கிழமை நல்லாத்தான் மூடினான். புதன்கிழமை நான் திறந்தேன், பேர் எழுதாம மூடிட்டேன். பாட்டிலை மாத்தி எடுத்துட்டேன். மூலிகைச் சாராயத்தால துடைச்சிட்டேன். டான்சோ அண்ணன் முன்னாடி பயந்து, அவன் மேல போட்டேன். மூடியில இப்ப என் பேர்தான் இருக்கு, திறந்து பாத்துக்கச் சொல்லுங்க."

டான்சோவின் வாய் திறந்தபடி நின்றது.

மறுமுனையில் ஏதோ ஒரு சேவல் கூவியது.

"பாட்டிலை மாத்தி எடுத்தது தப்பு," என்றார் பெரியவர் கடைசியாக. "அது யாருக்கும் வரும். பழியைத் தூக்கி இன்னொருத்தன் தலையில வெச்ச பாரு, அந்தக் கையில நான் எப்படிம்மா கடையைக் குடுப்பேன்? ஒப்போங் இங்கதான் இருக்கான். நாளைக்கு வரும்போது கடைச் சாவி ரெண்டையும் எடுத்துட்டு வா."

ஃபோன் அணைந்தது. டான்சோ அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியில் ஏறினார். வண்டி கிளம்பிப் போயிற்று.

"பைத்தியமா உனக்கு?" என்றான் சிரிபோ. குரல் எழும்பவில்லை. "என்னைக் காப்பாத்துறேன்னு பெஞ்சையே தூக்கிக் குடுத்துட்டியே. கடையில்லாத இடத்துல என் நல்ல பேரை வெச்சு நான் என்ன பண்ண?"

அவளும் அவனும் ஒரே நேரத்தில் வாசலைப் பார்த்தார்கள். மாமா உண்மையைச் சொல்ல இன்னும் நேரம் இருந்தது. திருப்பி ஃபோன் போட்டால் ஒரு நிமிஷம். நாளைச் சாயங்காலத்துக்குள் எத்தனையோ நிமிஷம்.

மாமா கதவு நிலையைத் தடவிப் பிடித்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். உதடு ஏதோ ஒன்றைத் தேடியது.

"வெயில் தாழ்ந்துருச்சு," என்றார். "யாராவது ஒருத்தர் என் கையைப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

கையைக் காற்றில் நீட்டினார்.

இரண்டு பேரும் அசையவில்லை.